தகர ஷெட்டில் ஐந்து சார்ஜர்: கார்ட்லெஸ் பேட்டரி ஏறாதபோது எங்கே பார்ப்பது

திருச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகர ஷெட். மர வேலை, வீட்டு ரிப்பேர் எல்லாம் அதில்தான். டிரில், இம்பேக்ட் டிரைவர், ஜிக்சா, ஆங்கிள் கிரைண்டர், இலை ஊதும் புளோயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்ததில் சார்ஜர்களும் ஐந்தாகிவிட்டன. ஐந்தும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில், ஒயர்கள் இடியாப்பமாய்ப் பின்னிக்கொண்டு, ரம்பத்தூளுக்கு நடுவே மேஜையில் கிடந்தன. மூன்று வருடத்தில் இரண்டு சார்ஜரையும் மூன்று பேட்டரியையும் "கெட்டுப்போச்சு" என்று மூலையில் போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்தால், நிஜமாகவே செத்திருந்தது ஒரு பேட்டரியும் ஒரு சார்ஜரும். சார்ஜரைக் கொன்றது நானே. அந்தக் கதை கீழே வருகிறது. மற்றதெல்லாம் வைத்த இடத்தால் வந்த வினை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதே பேட்டரியை, அதே மாடலில் இன்னொரு சார்ஜர் இருந்தால் அதில் போடுங்கள். அதே சார்ஜரை வீட்டுக்குள் வேறொரு சாக்கெட்டில் சொருகுங்கள். அதே சார்ஜரில் வேறு பேட்டரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் அரை நாள் போகும்.

விளக்கு பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதையும் மனதில் வையுங்கள். ஒன்றில் மின்னினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். இன்னொன்றில் அதே மின்னல் "பேட்டரி சூடாக இருக்கிறது, காத்திரு" என்று பொருள். கையேட்டில் உள்ள விளக்கு அட்டவணையை போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, அந்தந்த சார்ஜருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

"மதியம் போட்டால் ஏறவே மாட்டேங்குது, ராத்திரி போட்டால் ஏறுது"

எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியில் வரும் தலையாய புகார் இது. சார்ஜரில் ஒரு குறையும் இருக்காது. லித்தியம் அயன் பேட்டரிக்குள் வெப்பத்தை அளக்க ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்டுத்தான் சார்ஜர் கரண்டை விடும். சுற்றியிருக்கும் இடம் 40 டிகிரியைத் தாண்டாமல் சார்ஜ் செய்யுங்கள் என்று பல கம்பெனிகளின் கையேட்டிலும் இருக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி என்பது காலை பதினொரு மணிக் கணக்கு. மேற்குச் சுவரில் என் மேஜை இருந்த இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினேன். மூன்று மணிக்கு 44 காட்டியது. அதே நேரத்தில் வீட்டோடு ஒட்டிய பின் வராந்தாவில், கான்கிரீட் கூரைக்குக் கீழே 36.

இதோடு இன்னொன்றும் சேரும். ஆங்கிள் கிரைண்டரில் பத்து நிமிடம் இரும்பு அறுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிய கையோடு சார்ஜரில் போடுவோம். கையில் பிடித்தால் சுடும் பேட்டரி அது. ஃபேன் உள்ள சார்ஜர் என்றால் அதன் மேல் காற்றை ஊதிக் குளிரவைக்கப் பார்க்கும். ஆனால் ஊதுவதே 44 டிகிரி காற்று என்றால் எப்போது குளிரும்?

செய்ய வேண்டியது: சார்ஜர்களை ஷெட்டை விட்டு வெளியே கொண்டுபோங்கள். கருவிகள் ஷெட்டில் இருக்கட்டும், சார்ஜர்களை மாட்டிய பலகை, அதாவது சார்ஜர் போர்டு, நிழலுள்ள உள்சுவரில் இருக்கட்டும். நாலு எட்டு கூட நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சூடான பேட்டரியை வைக்கவென்று போர்டுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் அங்கே ஆறிய பிறகுதான் சார்ஜருக்குப் போகும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து, அந்த ஈரம் டெர்மினலில், அதாவது கரண்ட் பாயும் தகடுகளில், இறங்கும்.

முழுதாக ஏறிய பேட்டரியும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். சார்ஜர் மறுப்பது உங்களுக்குத் தொந்தரவு, பேட்டரிக்கு நல்லது.

"விளக்கே வரல"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "லைன்ல வோல்டேஜ் கம்மியா இருக்கும்போல, பாருங்க" என்றேன். வந்தவர் டெஸ்டரைக்கூட எடுக்கவில்லை. பிளக்கை இரண்டு விரலால் ஆட்டினார். விளக்கு வந்து வந்து போனது.

"வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்கு சார். பின்னுதான் ஒல்லி."

அவர் சொன்னது சரி. நம் ஊர் 6 ஆம்பியர் சாக்கெட்டின் துளை, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னுக்கானது. ஐரோப்பிய வகை இரட்டைப் பின்னின் தடிமன் 4 மில்லிமீட்டர்தான். அது உள்ளே போகும், ஆனால் பிடிப்பு இருக்காது. மேஜையில் டிரில்லை வைத்தாலே அதிர்ந்து நழுவும். லூஸ் காண்டாக்ட்டில் பொறி பறந்து சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பாகும். உங்கள் ஜங்ஷன் பாக்ஸில் எந்தத் துளையைச் சுற்றியாவது பழுப்பு வளையம் இருந்தால் அந்த பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ரிப்பேருக்கு ஒன்றுமில்லை. எல்லா நாட்டுப் பிளக்கும் போகும் என்று விற்கும் மலிவான பாக்ஸ்கள்தான் இதில் மோசம். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் இறுக்கிப் பிடிக்காது.

பிளக் இறுக்கமாக இருந்தும் விளக்கு வரவில்லையா? ஒயர் பிளக்கிலிருந்து வெளியே வரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அழகுக்காக ஒயரைச் சுருட்டிக் கட்டும்போது அந்தக் கழுத்தை மடக்கியிருந்தால், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். சுருட்டிக் கட்டுவதில் தப்பில்லை. பிளக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தையாவது மடக்காமல் விடுங்கள்.

அப்புறம் குளவி. சிரிக்காதீர்கள். ஒரு மழைக்காலம் முடிந்து ஷெட்டைத் திறந்தபோது, பயன்படுத்தாத சாக்கெட்டின் எர்த் துளையையும் ஒரு சார்ஜரின் பேட்டரி நுழையும் பள்ளத்தையும் மண் வைத்து அடைத்திருந்தது. பேட்டரி முக்கால்வாசி போய் நின்றது, டெர்மினல் தொடவில்லை. மெயினில் எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, ஐஸ் குச்சியால் சுரண்டி எடுத்து, உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன், சரியாகிவிட்டது. கம்பி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் உள்ளே விடாதீர்கள். காற்றுத் துளை வழியே பல்லி உள்ளே போய்க் கருகுவதும் உண்டு. அந்த வாசனை வந்தால் அந்த சார்ஜரின் கதை பெரும்பாலும் முடிந்தது.

சார்ஜரைத் திறந்து பார்க்கலாமா என்றால், வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நுழைந்து டிசி ஆகும்போது சுமார் 325 வோல்ட்டாக, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு கப்பாசிட்டரில் தங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

"போட்டவுடனே பச்சை விளக்கு, ஆனால் கருவி ஓடல"

இந்த ஒரு அறிகுறியை மட்டும் யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. பெரிய கம்பெனிகளின் சார்ஜரில் இது அபூர்வம்; பேட்டரியின் வடிவமே வேறு சார்ஜரில் போகவிடாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டிரில்களோடு வரும், குண்டூசி பின் வைத்த கறுப்பு அடாப்டர்களில்தான் பிரச்சினை. எல்லா அடாப்டரும் ஒரே மாதிரி, எல்லாப் பின்னும் ஒரே அளவு. வோல்டேஜ் மட்டும் வேறு.

கணக்கு எளிது. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு லித்தியம் அயன் செல் முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட். மூன்று செல் வரிசையாக இருந்தால் அடாப்டர் 12.6 வோல்ட், நான்கு என்றால் 16.8, ஐந்து என்றால் 21. பேட்டரி மேல் பெரிய எழுத்தில் 48 விஎஃப், 88 விஎஃப், 128 விஎஃப் என்று என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கட்டும். அதோடு வந்த அடாப்டரில் அவுட்புட் 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐந்து செல் வரிசைதான். லேபிளை நம்பாதீர்கள், அடாப்டரின் அவுட்புட்டைப் படியுங்கள்.

ஐந்து செல் பேட்டரியில் தெரியாமல் 12.6 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் பேட்டரியின் வோல்டேஜே அதைவிட அதிகம். கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடவில்லை என்றால் அந்த அடாப்டருக்கு "நிரம்பிவிட்டது" என்று அர்த்தம், எனவே பச்சை. நீங்கள் இரவெல்லாம் வைத்திருந்தாலும் ஒரு சொட்டு ஏறாது. இது வெறும் ஏமாற்றம்.

இதுவே தலைகீழாக மாறிப்போனால்தான் ஆபத்து. மூன்று செல் பேட்டரியில் 21 வோல்ட் அடாப்டரைச் சொருகினால், செல்களைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் ஒரு சின்ன பாதுகாப்பு போர்டு மட்டும்தான் இருக்கிறது. அது மலிவானதாக இருந்து கைவிட்டுவிட்டால் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டி, சூடாகி, தீப்பிடிக்கலாம்.

என் தீர்வு, மனைவியின் நெயில் பாலிஷ். மூன்று செல் பேட்டரியின் சார்ஜிங் துளையைச் சுற்றியும், அதன் அடாப்டர் பின்னின் பிளாஸ்டிக் பகுதியிலும் சிவப்பு வளையம். ஐந்து செல்லுக்கு வெள்ளை. டேப் ஒட்டினால் நம் ஊர் சூட்டில் பசை இளகி ஒரே மாதத்தில் நழுவிவிடுகிறது. நெயில் பாலிஷ் இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. இரண்டு அடாப்டரையும் போர்டின் எதிரெதிர் முனைகளில், கழற்ற முடியாதபடி கிளாம்ப் போட்டு மாட்டிவிட்டேன். ஒன்றின் ஒயர் மற்றதன் தட்டு வரை எட்டாது.

"பேட்டரியை வைத்ததும் கோளாறு விளக்கு"

முதலில் டெர்மினல். ஷெட்டில் புழங்கும் பேட்டரியின் தகட்டு இடுக்குகளில் மரத்தூள் இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்யும் பலகை) தூள் முகப் பவுடர் மாதிரி நைசானது, கொஞ்சம் ஈரம் பட்டால் பசையாகிவிடும். உலர்ந்த டூத் பிரஷ் போதும். பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தண்ணீர் கூடாது, எண்ணெய் ஸ்பிரேயும் கூடாது. எண்ணெய் மறுபடி தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்தும் கோளாறு விளக்கு என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பெரும்பாலான 18 வோல்ட் பேட்டரியில் பிளஸ், மைனஸ் தகடுகளை நேரடியாக அளக்கலாம். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிரம்பியது 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். வேலை செய்து தீர்ந்தது 15 பக்கம். என் புளோயர் பேட்டரி 11.2 காட்டியது. ஐப்பசியில் இலை ஊதிவிட்டு, பேட்டரியைக் கழற்றாமல் புளோயரை மாட்டியவன், அடுத்த கோடையில்தான் மறுபடி தொட்டேன். பேட்டரிக்குள் இருக்கும் மின்சுற்று சும்மா இருக்கும்போதும் துளித் துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். சில கருவிகளும் அப்படியே. ஐந்து செல்லுக்கு 11.2 என்றால் ஒரு செல்லுக்கு 2.2 வோல்ட். 2.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போய் நாள்பட நின்றால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கலாம், பிறகு ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் அதனால்தான் மறுக்கிறது.

நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்துத் தொட்டு "எழுப்புகிற" வீடியோக்கள் நிறைய உண்டு. எழுவதும் உண்டு. எத்தனை மாதம் அப்படிக் கிடந்தது என்று தெரியாத ஒன்றை எழுப்பி வீட்டுச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. டெர்மினலில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். 2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. டீலரிடம் கேட்டுப் பாருங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போடாதீர்கள்.

"சொருகினேன், டப்பென்று ஒரு சத்தம்"

நான் கொன்ற சார்ஜர் இதுதான். மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து ஒரு டிரில் செட்டைத் தூக்கி வந்தார். "பிளக் மட்டும்தான் மாமா வேற, கன்வர்ட்டர் பின் போட்டுக்கலாம்" என்றார். போட்டேன். அடியில் இன்புட் 120 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருந்ததைச் சத்தம் கேட்ட பிறகுதான் படித்தோம். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் 100 முதல் 240 வரை தாங்கும் என்பதால் எல்லா சார்ஜரும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். கருவி சார்ஜர்கள் பலவும் ஒரு நாட்டு வோல்டேஜுக்கு மட்டுமே.

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே கம்பெனியின், அதே வரிசைக்கான 230 வோல்ட் சார்ஜரை இங்கேயே வாங்கினால் போதும். டீவால்ட் பேட்டரியில் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதியிருப்பதும், மற்ற நாடுகளில் 18 வோல்ட் என்று எழுதியிருப்பதும் அதே ஐந்து செல்தான். ஒன்று நிரம்பிய நேரத்துக் கணக்கு, மற்றது சராசரிக் கணக்கு.

"கரண்ட் வந்ததும் எம்சிபி விழுது"

ஐந்து சார்ஜரும் சேர்ந்து இழுப்பது அதிகமில்லை. ஒன்று 200 வாட் என்றே வைத்தாலும் மொத்தம் 1000 வாட், நாலரை ஆம்பியருக்குள். ஆனால் கரண்ட் போய்த் திரும்பும் அந்த ஒரு நொடியில் எல்லா சார்ஜரின் கப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். அந்த முதல் இழுப்புக்கு சட்டென்று விழும் பி வகை 6 ஆம்பியர் எம்சிபி சில சமயம் விழுந்துவிடும். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி சுவிட்ச் உள்ள போர்டு போட்டு, கரண்ட் போனதும் எல்லாவற்றையும் அணைத்து, வந்ததும் ஒவ்வொன்றாகப் போடுவதுதான் நான் செய்வது. முதல் இழுப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் சி வகை எம்சிபி மாற்றுவதானால் எலக்ட்ரீஷியன் சொல்லட்டும். ஜெனரேட்டரில் சார்ஜ் செய்யலாமா என்பதற்கு மகிதா மாதிரி சில கம்பெனிகளின் கையேட்டிலேயே கூடாது என்று இருக்கிறது.

"ஏற இவ்வளவு நேரமா?"

கோளாறே இல்லை. 2 ஆம்பியர் சார்ஜரில் 5 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரியைப் போட்டால் இரண்டரை மணி நேரம், கடைசியில் மெதுவாகும் பகுதி தனி. பெரிய பேட்டரியை வேக சார்ஜருக்கும், 2 ஏஎச் பேட்டரியை மெதுவான சார்ஜருக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

"சுவரில் மாட்டினால் கோணுது, பேட்டரி வைத்தால் கழன்று வருது"

பல சார்ஜர்களின் முதுகில் சாவித் துளை வடிவில் இரண்டு பள்ளம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் எப்படியும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தப்பும். முதுகின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, சின்ன வயதில் காசை வைத்துத் தேய்த்தோமே அதே மாதிரி பென்சிலால் தேயுங்கள். பள்ளம் அப்படியே தாளில் பதியும். தாளைச் சுவரில் ஒட்டி, அதன் மேலேயே துளை போடுங்கள். எந்தப் பக்கம் மேலே என்று தாளில் அம்புக்குறி போட மறக்காதீர்கள். நான் மறந்து இரண்டு துளை வீண்.

ஸ்க்ரூவை முழுக்க முறுக்காமல் மூன்று மில்லிமீட்டர் வெளியே விட்டு, சார்ஜரை மாட்டிப் பார்த்து, ஆடினால் கால் சுற்று இறுக்குங்கள். பேட்டரியைச் சறுக்கிக் கழற்றும் திசைக்கு ஒரு பேட்டரி நீளம் காலி இடம் வேண்டும். பக்கத்து சார்ஜருக்கு நாலு விரல் இடைவெளி, ஒன்றின் ஃபேன் விடும் சூட்டை இன்னொன்று உறிஞ்சாதபடி. போர்டுக்கு நான் பிளைவுட்டை விட்டு சிமெண்ட் போர்டை எடுத்தேன். கனம் அதிகம், துளை போடும்போது தூள் பறக்கும், ஆனால் எரியாது. கிரைண்டர் இருக்கும் பக்கம் இந்தப் போர்டு வரவே கூடாது. இரும்புப் பொடியை ஃபேன் உள்ளே இழுத்தால் அது மின்சாரம் கடத்தும் தூசி.

"எது நிரம்பியது, எது காலி?"

எல்லாப் பேட்டரிக்கும் ஓர் எண், வாங்கிய மாதம், பெயிண்ட் மார்க்கரில். போர்டுக்கு மேலே இரண்டு தட்டு: இடது காலி, வலது நிரம்பியது. சார்ஜர் மேல் பேட்டரியை விட்டு வைப்பதில்லை. வேலை இல்லாத மாதங்களில் பாதி ஏற்றி, கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் அலமாரியில். மாதம் ஒருமுறை பேட்டரியில் உள்ள பொத்தானை அழுத்திப் பார்த்து, ஒரே ஒரு விளக்குப் புள்ளி எரிந்தால் கொஞ்சம் ஏற்றிவிடுவேன். முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று பக்கத்துத் தெரு ஆசாரி இன்னும் சொல்கிறார். அவருடைய பழைய நிக்கல் காட்மியம் டிரில்லுக்கு அது சரி. லித்தியத்துக்கு அது கெடுதல்.

ஏறும்போது பேட்டரியிலிருந்து இனிப்பான கெமிக்கல் வாசனையோ சீறும் சத்தமோ வந்தால், அந்த நேரத்தில் பிளக்கைத் தேடிக் குனியக் கூடாது. அதனால் போர்டு முழுவதற்குமான சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போகும்போது அதை அணைத்துவிட்டுத்தான் போகிறேன். பாதி ஏறியது பாதியிலேயே நிற்கும், காலையில் தொடரும்.